வைப்ரஃபோன் சாதகம்: ஒரு கும்மிடிப்பூண்டிக் கணக்கு

1,410 மணி நேரம். லண்டனிலுள்ள ஏ.பி.ஆர்.எஸ்.எம். இசைத் தேர்வு வாரியம், ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு மாணவருக்குத் தேவைப்படும் மொத்தக் கற்றல் நேரத்தைக் குறித்துத் தந்திருக்கிறது. முதல் கிரேடுக்கு 60 மணி நேரம். பிறகு 90, 120, 150, 180, 220, 270 என்று ஏறி, எட்டாம் கிரேடுக்கு 320 ஆகிறது. எட்டையும் கூட்டினால் 1,410. பியானோவுக்கும் வயலினுக்கும் உள்ள இதே அளவுகோல்தான் சுருதியுள்ள தட்டுக்கருவிகளுக்கும். உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் ஜாஸ் வைப்ரஃபோனுக்கு இது முழு அளவாகாது. ஜாஸின் உயிர்நாடியான மனோதர்மம் இந்தக் கணக்கில் மிகக் குறைவு. ஆனாலும் கை, கண், காது மூன்றும் ஓரளவு தேறுவதற்கு ஆகும் நேரத்தைக் கணிக்க, கையில் உள்ள நம்பகமான எண் இதுதான்.

அந்த 320 மணி நேரத்துக்குள் இன்னோர் எண் இருக்கிறது: 54. எட்டாம் கிரேடுக்கு ஆசிரியர் எதிரில் இருக்கும் நேரம் அவ்வளவுதான். அதாவது 16.9%. முதல் கிரேடில் 60-க்கு 12, அதாவது 20%. முதல் கிரேடைவிட எட்டாம் கிரேடில் ஆசிரியரின் பங்கு குறைவு. எட்டாம் கிரேடில் 266 மணி நேரம் மாணவர் தனியாக இருக்கிறார். அதை ஓர் ஆண்டில் பரப்பினால் வாரத்துக்கு 5.1 மணி நேரம். வாரம் 6 நாள் என்றால் நாளுக்கு 51 நிமிடம். நல்ல ஆசிரியர் கிடைப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இந்த 83% பற்றிப் பேசுவது குறைவு. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்திலிருந்து வைப்ரஃபோனைப் பழக நினைப்பவருக்கு முடிவைத் தீர்மானிப்பது அந்தப் பெரிய பங்குதான்.

வாரத்தில் 168 மணி நேரம். தொழிற்சாலை வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் வார உச்சவரம்பு 48. நாளுக்கு 8 வீதம் தூக்கம் 56. மிச்சம் 64. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய் கண்டிகையிலோ ஷிஃப்ட் பார்ப்பவர் போக்குவரத்து, சாப்பாடு, கடை, குழந்தை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் இந்த 64-க்குள்தான் முடிக்க வேண்டும். அதில் நாளுக்கு அரை மணி நேரம், வாரம் 6 நாள் என்று 3 மணி நேரத்தைச் சாதகத்துக்கு ஒதுக்குவது 4.7%. ஆண்டுக்கு 156 மணி நேரம். பாட நேரத்தையும் இதற்குள் அடக்கினால் 1,410-ஐத் தொட 9 ஆண்டு ஆகும். நாளுக்கு 1 மணி நேரம், வாரம் 6 நாள் என்றால் ஆண்டுக்கு 312, நான்கரை ஆண்டு. இரண்டுமே நடைமுறையில் சாத்தியம். அரை மணி நேரக் கணக்கையே இங்கே அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன்; ஓவர்டைம் வந்தாலும் அது தாக்குப்பிடிக்கும்.

ரயில் நேரம் தனிச் செலவு. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 48 கி.மீ.; மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சென்னையில் 1 மணி நேரப் பாடத்துக்குப் போய்வர ரயிலில் மட்டும் 3 மணி நேரம். ஆண்டுக்கு 40 பாடம் என்றால் 120 மணி நேரம் பயணம். 156 மணி நேரச் சாதகத்தில் அது 77%. இரண்டு வாரத்துக்கு ஒரு பாடம் என்று வைத்தால் 26 பாடம், 78 மணி நேரம். மிச்சமாகும் 42 மணி நேரம் அரை மணி அரை மணியாக 84 சாதகங்களுக்குச் சமம். திருவள்ளூரிலிருந்து தூரம் சுமார் 42 கி.மீ.; கணக்கு பெரிதாக மாறாது. இசைப் பயிற்சியில் வாரப் பாடம் என்ற வழக்கத்தை இந்த வட்டாரத்துக்கு அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பயண நேரம் முழுக்க வீணும் இல்லை. 1954 டிசம்பர் 24 அன்று மைல்ஸ் டேவிஸ் குழுவில் மில்ட் ஜாக்சன் வைப்ரஃபோன் வாசித்த ‘பேக்ஸ் க்ரூவ்’ பதிவு இரண்டு வடிவங்களில் இருக்கிறது: ஒன்று 11 நிமிடம் 16 வினாடி, மற்றது 9 நிமிடம் 24 வினாடி. இரண்டும் சேர்ந்து 20 நிமிடம் 40 வினாடி. 90 நிமிடப் பயணத்தில் 4 முறை கேட்கலாம். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே 12 பார் ப்ளூஸ், இரண்டு வேறு மனோதர்மம்: பழகுபவருக்கு இதைவிடச் சிக்கனமான பாடம் அரிது. ஒரு சுற்றுக்கு 48 எண்ணிக்கை. பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் இடையில் தொடையில் தட்டி எண்ணிக்கொண்டே எந்தச் சுற்றில் சொற்றொடர் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று குறித்தால் போதும். கையில் மேலட் என்ற தட்டுக்கோல் வேண்டியதில்லை.

அதே மில்ட் ஜாக்சனிடமிருந்து இன்னோர் எண். ரெசனேட்டர் குழாய்களின் வாயில் சுழலும் விசிறிதான் இக்கருவியின் அதிர்வுக்குக் காரணம். இதே கருவியை வாசித்த லயனல் ஹாம்ப்டன் அதை வினாடிக்குச் சுமார் 10 சுற்று ஓடவிட்டார், ஜாக்சன் 3.3 ஆகக் குறைத்தார். மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு வைப்ரஃபோன் கலைஞரான கேரி பர்ட்டன் விசிறியின் மோட்டாரையே நிறுத்தினார். பழகுபவருக்கும் பர்ட்டன் வழியே சரி. அதிர்வின் மினுக்கு பிசகுகளை மறைத்துவிடும்.

கருவி: 37 பட்டைகள், மூன்று எண்மம், எஃப்-இல் தொடங்கி எஃப்-இல் முடியும். பியானோவின் வெள்ளைக் கட்டை வரிசைக்கு ஈடாக 22, கறுப்புக் கட்டை வரிசைக்கு ஈடாக 15. எஃப் மேஜர் ஸ்கேலுக்கு மூன்று எண்மத்திலும் வேண்டியவை 22; எஞ்சிய 15, அதாவது 40.5%, கை தவறிப் படக்கூடிய இடங்கள். ஜலதரங்கத்தில் அந்த ராகத்துக்கு வேண்டிய கிண்ணங்களை மட்டும் எதிரே பரப்பி, தண்ணீர் விட்டுச் சுருதி சேர்த்து வாசிக்கிறார்கள்; வேண்டாத சுரம் எதிரில் இருப்பதில்லை. வைப்ரஃபோனில் எல்லாம் எப்போதும் எதிரில். அதோடு கை கருவியைத் தொடுவதே இல்லை. பியானோக்காரருக்கும் வயலின்காரருக்கும் விரல் நுனி இடத்தைச் சொல்லும்; இங்கே மேலட்டின் நீளத்துக்கு அப்பால் இருக்கும் இடத்தைக் கண்ணும் தோளும்தான் கணிக்க வேண்டும்.

ஆகவே அளவு முக்கியம். பரவலாகப் பயன்படும் முஸ்ஸர் எம்55 மாதிரியில் பட்டையின் அகலம் கீழே 2¼ அங்குலம், மேலே 1½ அங்குலம். சராசரி 1⅞ அங்குலம், 4.76 செ.மீ. 22 பட்டைக்கு 105 செ.மீ., இடைவெளி தனி. கீழ் எண்மம் மேல் எண்மத்தைவிட ஏறத்தாழ 9 செ.மீ. அகலம். சந்தையில் கிடைக்கும் மாணவர் க்ளாக்கன்ஸ்பீலில் பழகிய கை, வைப்ரஃபோனுக்கு வந்தவுடன் தடுமாறுவதற்குக் காரணம் இந்தச் செ.மீ.-கள்தான். 71 செ.மீ. நீளமுள்ள சார்ட் பேப்பர் இரண்டை ஒட்டினால் 142 செ.மீ.; 37 பட்டையையும் நிஜ அளவில் வரைய இடம் போதும். கோடுகளுக்குள் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினால் மேலட் துள்ளி மீளும், சத்தமும் எழாது. முழங்கை உயரத்துக்கு ஒரு மேசை வேண்டும். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். இதில் இடம் பழகலாம், வலது இடது முறை பழகலாம், நான்கு மேலட் பிடித்துக் கார்டு (சுரக்கூட்டு) மாற்றலாம். பெடலும், ஒரு மேலட்டால் அடித்து மற்றதால் ஒலியை நிறுத்தும் வித்தையும், நாதமும் மட்டும் பழக முடியாது. வாரம் 3 மணி நேரத்தில் 2 மணி ட்யூப் பலகையில், 1 மணி கருவியில் என்பது என் பரிந்துரை.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும் என்பதற்குக் கருவியின் விலை ஒரு காரணம். கணக்குக்காக ஒரு வைப்ரஃபோன் ரூ.4 லட்சம், ஆயுள் 10 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வாரம் 1 மணி நேரம் மட்டும் வாசித்தால் ஆண்டுக்கு 52, பத்தாண்டுக்கு 520 மணி நேரம், மணிக்கு ரூ.769. வாரம் 3 மணி நேரம் என்றால் ரூ.256. ஆறு பேர் சேர்ந்து வாங்கி, ஆளுக்கு வாரம் 1 மணி நேரம் வாசித்தால் மணிக்கு ரூ.128, தலைக்கு முதலீடு ரூ.66,667. 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகை 37,28,104. லட்சத்தில் ஒருவர் முன்வந்தாலும் 37 பேர். ஆறு பேருக்கு ஒன்று என்றால் 7 கருவி போதும். ஒரு கருவி தரையில் பிடிக்கும் இடம் சுமார் 1 சதுர மீட்டர். 10-க்கு 10 அடி அறையின் பரப்பு 9.3 சதுர மீட்டர். ஊர் நூலகத்திலோ சங்கக் கட்டடத்திலோ இதற்கு ஒரு மூலை ஒதுக்குவது பெரிய காரியமில்லை.

இனிச் சாதகத்தின் உள்ளமைப்பு. ‘மணி நேரம்தான் எல்லாம்’ என்ற நம்பிக்கைக்கு மூலம் 1993-இல் எரிக்சன், கிராம்பே, டெஷ்-ரோமர் மூவரும் பெர்லினில் செய்த ஆய்வு. 18 வயதுக்குள் முதல்தர வயலின் மாணவர்கள் சராசரியாகச் சேர்த்திருந்த தனிச் சாதகம் 7,410 மணி நேரம். அடுத்த தரத்தினர் 5,301. இசையாசிரியர் பயிற்சிக்கு வந்தவர்கள் 3,420. முதலுக்கும் கடைசிக்கும் 2.17 மடங்கு. ஆனால் 2014-இல் மக்னமாரா, ஹாம்ப்ரிக், ஆஸ்வால்ட் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சாதக நேரம் விளக்கியது 21%. 2019-இல் அதே வயலின் ஆய்வைத் திரும்பச் செய்தபோது, மூல ஆய்வில் 48% ஆக இருந்த அளவு 26% ஆக இறங்கியது. நேரம் தேவை, நேரம் மட்டும் போதாது. மிச்சத்தில் எவ்வளவு பிறவி, எவ்வளவு முறை என்று இந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது. முறை நம் கையில் இருக்கிறது என்ற அளவுக்கு மட்டும் சொல்லலாம்.

முறை பற்றி 2009-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. ட்யூக், சிமன்ஸ், கேஷ் மூவரும் 17 பியானோ மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச் கான்செர்ட்டோவிலிருந்து 3 பார் கொடுத்து, வேண்டிய நேரம் எடுத்துப் பழகச் சொன்னார்கள். மறுநாள் சோதனை. யார் அதிக நேரம் பழகினார், யார் அதிகத் தடவை வாசித்தார் என்பதற்கும் தரவரிசைக்கும் தொடர்பு தெரியவில்லை. தப்பாக வாசித்த தடவைகள் எவ்வளவு குறைவு என்பதற்குத் தொடர்பு இருந்தது. தனித்து நின்ற 3 பேரும் பிழை வந்த இடத்தை உடனே கண்டு, வேகத்தைக் குறைத்து, அது திருந்தும் வரை நகரவில்லை. 20 தடவை வாசித்து 10 தடவை தப்பினால் கைக்குப் போன பயிற்சியில் 50% தப்புக்கான பயிற்சி. 12 தடவை வாசித்து 1 தடவை தப்பினால் 8.3%. குறைந்த தடவை, குறைந்த நேரம், கூடுதல் பலன்.

வரிசை பற்றியும் ஓர் எண் உண்டு. 2016-இல் கார்ட்டர், க்ரான் இருவரும் தேர்ந்த க்ளாரினெட் வாசிப்பாளர்கள் 10 பேரை, சில பகுதிகளைத் தொடர்ந்து 12 நிமிடமும், வேறு சிலவற்றை 3 நிமிடம் வீதம் மாற்றி மாற்றி 4 முறையுமாகப் பழகச் செய்தார்கள். மொத்த நேரம் இரண்டிலும் 12 நிமிடம்தான். மாற்றிப் பழகிய முறைக்கே முடிவு சற்றுச் சாதகமாக இருந்தது. வாசித்தவர்கள் இலக்கு வைக்கவும் பிழை காணவும் அது உதவியதாகச் சொன்னார்கள். 10 பேர் என்பது சிறிய எண். ஆனால் செலவில்லாத மாற்றம் என்பதால் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை.

இதை ஜாஸுக்குப் பொருத்தினால் நம் மூன்று காலம் கைகொடுக்கிறது. இரண்டு, ஐந்து, ஒன்று என்ற கார்டு வரிசை 4 பார், 16 எண்ணிக்கை. மெட்ரோனோம் 60-இல் 16 வினாடி. 12 சுருதிகளிலும் வாசிக்க 3 நிமிடம் 12 வினாடி. முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு 1 சுரம், இரண்டாம் காலத்தில் 2, மூன்றாம் காலத்தில் 4. மூன்று காலமும் சேர்ந்து 9 நிமிடம் 36 வினாடி. 30 நிமிடச் சாதகத்தில் 32%. சரளி வரிசை கற்ற எவருக்கும் இந்தப் பயிற்சியின் எலும்புக்கூடு தெரிந்ததே. ஒரே ஒரு மாற்றம்: சுருதிகளை வரிசையாக எடுக்க வேண்டாம். 12 துண்டுத் தாளில் பெயர் எழுதி, தீப்பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுக்கவும். சி, எஃப், பி-ஃப்ளாட், இ-ஃப்ளாட் என்ற நான்கிலேயே கை ஓடிக்கொண்டிருக்கும் வழக்கம் அப்போதுதான் உடையும். அந்த நான்கு மொத்தத்தில் 33% மட்டுமே.

தூக்கம் இந்தக் கணக்கின் முக்கியமான வரவு. 2002-இல் வாக்கரும் ஸ்டிக்கோல்டும் குழுவினரும் விரல் தட்டும் பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது, விழித்திருந்த 12 மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. ஓர் இரவு தூங்கியபின் வேகம் சுமார் 20% கூடியிருந்தது. 2008-இல் வந்த ரிக்கார்ட் குழுவின் ஆய்வு, இந்த லாபம் பெருமளவுக்குக் களைப்பும் கணக்கிடும் முறையும் தந்த தோற்றம் என்று வாதிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு பாடம் தேறுகிறது: இடைவெளி விட்டுப் பழகு. வாரம் 3 மணி நேரத்தை ஞாயிறன்று ஒரே மூச்சில் முடிப்பவருக்குச் சாதகத்தைத் தொடர்ந்து வரும் தூக்கம் ஆண்டுக்கு 52. அரை மணி நேரமாக 6 நாள் பழகுபவருக்கு 312. அதே 156 மணி நேரம், 6 மடங்கு இடைவெளி.

ஷிஃப்ட் இதில் குறுக்கிடுகிறது. காலை 6 முதல் 2 வரை ஏ, 2 முதல் 10 வரை பி, இரவு 10 முதல் காலை 6 வரை சி என்று எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. தொழிற்பகுதிக்கு 75, 70. கருவியில் வாசிக்கும் 1 மணி நேரத்தைப் பகலுக்குள் வைக்க வேண்டும். பி ஷிஃப்ட் முடிந்து 10 மணிக்குமேல் வீடு வருபவருக்கு இரவில் ட்யூப் பலகை மட்டுமே. கருவிக்குக் காலை நேரம்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கான ஒலி வரம்பு 90 டெசிபல். 5 டெசிபல் கூடினால் நேரம் பாதி: 95-க்கு 4 மணி, 100-க்கு 2 மணி, 105-க்கு 1 மணி. பேரிரைச்சலில் ஒரு ஷிஃப்ட் நின்றபின் காது சில மணி நேரம் மங்குவது உண்டு. மங்கல் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். வைப்ரஃபோன் பட்டையின் முதல் மேல்சுரம் அடிப்படைச் சுரத்தின் ஏறத்தாழ 4 மடங்காகச் சேர்க்கப்படுகிறது. உச்சியிலுள்ள எஃப் 1,397 ஹெர்ட்ஸ். அதன் 4 மடங்கு 5,588. இப்படி 3,000-ஐத் தாண்டுபவை மேலேயுள்ள ஜி முதல் எஃப் வரை 11 பட்டைகள், 37-இல் 30%. மேல் பட்டைகளில் விகிதம் 4-க்குச் சற்றுக் குறைந்தாலும் படம் மாறாது. மேலட் பட்டையில் மோதும் அந்த முதல் கணத்தின் தெளிவு, மங்கிய காதுக்குப் பாதிதான் கேட்கும். பழகுபவர் தன்னையறியாமல் ஓங்கி அடிப்பார். கேட்டு வாசிக்கும் பயிற்சியை ஷிஃப்டுக்கு முன்னும், பலகைப் பயிற்சியைப் பின்னும் வைப்பது நல்லது. பி, சி இரண்டிலும் இது எளிது. ஏ ஷிஃப்டில் மாலை வரை பொறுக்க வேண்டும். வேலையிடத்தில் காதடைப்பான் போடுவதையும் இசைப் பயிற்சியின் பகுதியாகவே எண்ண வேண்டும்.

பெருநகரத்துக்கு வெளியே இருந்து இது ஆகுமா என்பவர்களுக்குக் கேரி பர்ட்டனின் ஆண்டுகளைச் சொல்லலாம். 1943-இல் பிறந்தவர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிரின்ஸ்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 6 வயதில் மேலட் பிடித்தார். பெரும்பாலும் தானாகவே கற்றார். 17 வயதில் இசைத்தட்டுப் பதிவு. 1971 முதல் 2004 வரை பர்க்லி இசைக் கல்லூரியில் 33 ஆண்டுப் பணி. இரண்டு மேலட் வழக்கமாக இருந்த கருவியில் நான்கைப் பிடித்துத் தனியாகவே முழுக் கச்சேரி செய்யும் வழியைத் திறந்தவர். ஓர் ஆளின் வாழ்க்கை புள்ளிவிவரம் ஆகாது. ஆனால் ஆசிரியர் அருகில் இல்லாத 83% நேரத்தை எப்படிச் செலவிடலாம் என்பதற்கு அவர் சான்று.

நோட்டுப் புத்தகம் ஒன்று வேண்டும். நான்கு பத்தி: தேதி, பயிற்சி, மெட்ரோனோம் எண், சரியாக வந்த தடவை. ‘எஃப் ப்ளூஸ், 72, 14/20’ என்று எழுதினால் 70%. மறுநாள் ‘72, 17/20’ என்றால் 85%. 18/20, அதாவது 90%, வந்த பிறகே எண்ணை 4 ஏற்றலாம். 60-இலிருந்து 120-க்கு 15 ஏற்றம். வாரம் ஓர் ஏற்றம் என்றால் 15 வாரம். சி ஷிஃப்ட் வாரத்தில் தூக்கம் கலைந்திருக்கும். அந்த வாரம் ஏற்றாமல் அதே எண்ணில் நிற்கலாம். மூன்று வாரச் சுற்றுக்கு 2 ஏற்றம் வீதம் 22 வாரம் ஆகும். 66 மணி நேரம். எட்டாம் கிரேடுக்குத் தனியாகச் செலவிடும் 266 மணி நேரத்தில் இது 25%.